பிளக் பொருந்தினால் போதுமா?

வெளிநாட்டுக்குப் போகும் மின்சாதனங்கள்: விற்பவரும் வாங்குபவரும் கவனிக்க வேண்டியவை

அமெரிக்காவுக்கோ கனடாவுக்கோ புறப்படும் பெட்டிகளில் புளி, மிளகாய்த்தூள், அப்பளம் ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக இடம் பிடிப்பது மிக்சி. கல்லில் அரைத்த மாவில்தான் இட்லி பூப்போல வரும் என்பவர்கள், எடையையும் பொருட்படுத்தாமல் டேபிள் டாப் கிரைண்டரைக் கட்டிக்கொண்டு போகிறார்கள். மளிகையோடு பாத்திரமும் வீட்டு உபயோகச் சாமான்களும் சேர்த்து விற்கும் நம் உறுப்பினர்கள் பலருக்கு இது நல்ல வியாபாரம். மகளைப் பார்க்கப் போகும் பெற்றோர், வேலை கிடைத்துப் போகும் இளைஞர், மேற்படிப்புக்குப் போகும் மாணவர் என்று ஆண்டு முழுவதும் வாடிக்கை இருக்கிறது.

இந்த வியாபாரத்தில் ஒரு கேள்வி மட்டும் பல கடைகளில் கேட்கப்படுவதில்லை. "எந்த நாட்டில் ஓட்டப் போகிறீர்கள்?" என்பதே அது. அதைக் கேட்காமல் கட்டிக் கொடுத்த மிக்சி அங்கே போய்ச் சுற்ற மறுக்கலாம், காயில் கருகலாம். எர்த் இல்லாத இணைப்பில் ஷாக் அடிக்கவும் கூடும். பத்தாயிரம் மைல் தள்ளி நடந்தாலும் வாடிக்கையாளர் நம் கடையின் பெயரைச் சொல்லித்தான் குறைபட்டுக்கொள்வார். ஆகவே இந்த விஷயத்தைச் சற்று விளக்கமாகப் பார்ப்போம்.

நாணயம் போல மின்சாரமும் மாறும்

நாட்டுக்கு நாடு நாணயம் மாறுவது நமக்குத் தெரியும். மின்சாரத்திலும் அப்படியே மூன்று விஷயங்கள் மாறுகின்றன. முதலாவது வோல்ட் எனப்படும் மின் அழுத்தம். இரண்டாவது ஹெர்ட்ஸ் எனப்படும் அதிர்வெண். மூன்றாவது பிளக், சாக்கெட்டின் வடிவம்.

இந்தியாவில் வீடுகளுக்கு வருவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். நம் மக்கள் அதிகம் செல்லும் நாடுகளின் நிலவரம் வருமாறு:

இலங்கை, சிங்கப்பூர், மலேசியா, பிரிட்டன்: 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்.
ஐக்கிய அரபு அமீரகம், குவைத், கத்தார், ஓமன், பஹ்ரைன்: 220 முதல் 240 வோல்ட் வரை, 50 ஹெர்ட்ஸ்.
சவுதி அரேபியா: 230 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். முன்பு அங்கே வீடுகளில் 127 வோல்ட் இருந்தது. பழைய கட்டடமானால் விசாரித்துக்கொள்வது நல்லது.
ஐரோப்பிய நாடுகள், ஆஸ்திரேலியா: 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்.
சீனா: 220 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்.
அமெரிக்கா, கனடா: 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ்.
தைவான்: 110 வோல்ட், 60 ஹெர்ட்ஸ்.
ஜப்பான்: 100 வோல்ட், கிழக்கில் 50 ஹெர்ட்ஸ், மேற்கில் 60 ஹெர்ட்ஸ்.

அமெரிக்காவில் மட்டும் ஏன் பாதி அழுத்தம் என்று சிலர் கேட்பதுண்டு. எடிசன் 1882ல் நியூயார்க் நகரில் மின் விநியோகம் தொடங்கியபோது, அவருடைய விளக்குகளுக்கு ஏற்ற 110 வோல்ட் அளவில் தொடங்கினார். அதை ஒட்டியே அந்த நாடு வளர்ந்தது. ஐரோப்பா பின்னர் அழுத்தத்தை இரட்டிப்பாக்கிக்கொண்டது. அழுத்தம் இரட்டித்தால் அதே வேலைக்குப் பாதி ஆம்பியர் போதும். செம்புக் கம்பிச் செலவு மிச்சம். நாம் பிரிட்டிஷ் வழியில் வந்ததால் உயர்ந்த அழுத்தம் நமக்கு வந்தது.

சாக்கை மாற்றினால் சரக்கு மாறாது

விமான நிலையத்திலும் செல்போன் கடையிலும் கிடைக்கும் 'யுனிவர்சல் அடாப்டர்' பற்றித்தான் மக்களிடம் பெரிய குழப்பம் இருக்கிறது. அந்த அடாப்டர் செய்வது ஒரே வேலைதான். நம் உருண்டை முனை பிளக்கை அந்த நாட்டுத் துளையில் பொருத்திக் கொடுக்கும், அவ்வளவே. 120 வோல்ட்டை அது 230 ஆக்காது. 230ஐ 120 ஆகக் குறைக்காது. ரேஷன் அரிசியைப் பொன்னி சாக்கில் கொட்டினால் பொன்னி ஆகிவிடாது என்பது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அடாப்டர் என்பது வெறும் சாக்கு. உள்ளே வரும் சரக்கு சுவரிலிருந்து வருவதுதான்.

வடிவத்தைப் பார்த்து அழுத்தத்தை ஊகிப்பதும் தவறு. அமெரிக்கப் பிளக்குக்கு இரண்டு தட்டை முனைகள். அதே தட்டை முனைத் துளை பிலிப்பைன்ஸிலும் உண்டு. ஆனால் அங்கே வருவது 230 வோல்ட். சீனாவின் பல சாக்கெட்டுகளிலும் அதே பிளக் அடாப்டர் இல்லாமலே நுழையும். அங்கே 220 வோல்ட். அமெரிக்காவில் வாங்கிய 120 வோல்ட் தலைமுடி உலர்த்தியை அங்கே மாட்டினால் அழகாகப் பொருந்தும். அடுத்த சில வினாடிகளில் புகை வரும்.

இதற்கு எதிர்மாறாக, வடிவம் வேறாக இருந்தும் மின்சாரம் ஒன்றாக இருப்பதும் உண்டு. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வளைகுடா நாடுகள் பலவற்றிலும் மூன்று சதுர முனை பிளக். பிரிட்டன் 1947ல் அந்த வடிவத்துக்கு மாறியது. நாம் பழைய பிரிட்டிஷ் உருண்டை முனையிலேயே நின்றுவிட்டோம். அங்கே போகும் 50 ஹெர்ட்ஸ் நாட்டு வாடிக்கையாளருக்கு அழுத்தப் பிரச்சினை இல்லை. எர்த் உள்ள நல்ல அடாப்டரோ, அங்கேயே மாற்றிப் பொருத்திய பிளக்கோ போதும்.

குறைந்தால் என்ன, கூடினால் என்ன?

சூடாக்கும் சாதனங்களில் கணக்கு எளிது. அழுத்தம் பாதியானால் சூடு பாதியாவதில்லை, கால் பங்காகிறது. நம் ஊர் 1,000 வாட் இஸ்திரிப் பெட்டியை அமெரிக்காவின் 120 வோல்ட்டில் மாட்டினால் சுமார் 270 வாட்தான் இழுக்கும். ஆபத்து இல்லை, ஆனால் சட்டையில் சுருக்கம் போகாது. ஜப்பானின் 100 வோல்ட்டில் 190 வாட்டுக்கும் கீழே போய்விடும்.

இதையே திருப்பிப் போட்டால் விபரீதம். அமெரிக்காவில் வாங்கிய 120 வோல்ட், 1,000 வாட் இஸ்திரிப் பெட்டியை நம் வீட்டு 230 வோல்ட்டில் மாட்டினால் அது சுமார் 3,700 வாட் இழுக்கப் பார்க்கும். கம்பிச்சுருள் தாங்காது, வயர் உருகும், பியூஸ் சரியாக இல்லாவிட்டால் தீப்பிடிக்கவும் வாய்ப்பு உண்டு. ஜப்பானிலிருந்து வரும் ரைஸ் குக்கருக்கு இது இன்னும் மோசம். 100 வோல்ட்டுக்குச் செய்த சாதனம் இங்கே ஐந்து மடங்குக்கு மேல் இழுக்கும்.

மோட்டார் உள்ள சாதனங்களில் அழுத்தம் குறைந்தாலும் ஆபத்துதான். நம் மிக்சி 120 வோல்ட்டில் மெதுவாகச் சுற்றும். தேங்காயும் மிளகாயும் போட்டதும் திணறி நிற்கும். கல் கிரைண்டரில் மாவு ஏறியதும் கல் நகராது. மோட்டார் நின்றுவிட்டாலும் ஸ்விட்ச் போட்டபடி இருந்தால் மின்சாரம் உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். அது முழுவதும் சூடாக மாறி காயிலைக் கருக்கும். "ஓடத்தானே இல்லை, கெட்டா போகும்?" என்று விட்டுவிடக் கூடாது. ஓடாத மோட்டார் ஓடும் மோட்டாரைவிடச் சீக்கிரம் எரியும்.

50ம் 60ம்

வோல்ட்டைச் சரி செய்தாலும் ஹெர்ட்ஸ் சரியாகாது. சாதாரண டிரான்ஸ்பார்மர் வோல்ட்டை மட்டுமே மாற்றும். 60 ஹெர்ட்ஸ் நாட்டில் 230 வோல்ட் கிடைத்தாலும் நம் கல் கிரைண்டரின் மோட்டார் ஏறக்குறைய 20 சதவீதம் வேகமாகச் சுற்றும். மின்சாரத்தின் ஹெர்ட்ஸைக் கொண்டு நேரம் காட்டும் பழைய வகைக் கடிகாரத்தை அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து, டிரான்ஸ்பார்மர் வைத்து இங்கே ஓட்டினால் மணிக்குப் பத்து நிமிடம் பின்தங்கும். 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த மைக்ரோவேவ் அடுப்பின் உள்ளிருக்கும் டிரான்ஸ்பார்மர் 50 ஹெர்ட்ஸில் அளவுக்கு மீறிச் சூடாகும்.

ஒரே நாட்டுக்குள்ளேயே இந்தச் சிக்கல் இருக்கிறது என்றால் நம்பச் சிரமமாக இருக்கும். ஜப்பானில் டோக்கியோ 1895ல் ஜெர்மனியிலிருந்து 50 ஹெர்ட்ஸ் ஜெனரேட்டர் வாங்கியது. மறு ஆண்டு ஒசாகா அமெரிக்காவிலிருந்து 60 ஹெர்ட்ஸ் ஜெனரேட்டர் வாங்கியது. இரண்டு கொள்முதல், இரண்டு அளவு. இன்றுவரை நாடு இரண்டாகப் பிரிந்தே கிடக்கிறது. 2011 மார்ச் நிலநடுக்கத்தில் கிழக்குப் பகுதி மின்நிலையங்கள் நின்றபோது, மேற்கிலிருந்து மின்சாரத்தை மாற்றி அனுப்ப இருந்த வசதி சுமார் 10 லட்சம் கிலோவாட் அளவுக்குத்தான். மேற்கில் மின்சாரம் இருந்தும் கிழக்கு இருட்டில் தவித்தது. கொள்முதல் செய்யும்போது அளவு பார்க்காவிட்டால் பாதிப்பு எத்தனை காலம் தொடரும் என்பதற்கு வணிகர்களுக்கு இதைவிடப் பெரிய பாடம் வேண்டியதில்லை.

லேபிளைப் படிக்கும் முறை

எல்லாச் சாதனத்தின் அடியிலோ பின்புறத்திலோ ஒரு சிறிய தகடு அல்லது லேபிள் இருக்கும். அதில் 'இன்புட்' என்ற வரியை மட்டும் பார்த்தால் போதும்.

'100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்' என்று இருந்தால் உலகின் எந்த நாட்டுக்கும் எடுத்துப் போகலாம். செல்போன் சார்ஜர், லேப்டாப் சார்ஜர், கேமரா சார்ஜர் பெரும்பாலும் இந்த வகை. இவற்றுக்கு அடாப்டர் மட்டும் போதும்.

'230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்' என்று ஒரே எண் இருந்தால் அது அந்த அழுத்தத்துக்கு மட்டுமே. மிக்சி, கிரைண்டர், இஸ்திரிப் பெட்டி, ரைஸ் குக்கர், இண்டக்ஷன் அடுப்பு எல்லாம் பெரும்பாலும் இந்த வகை.

சில சாதனங்களில் 110/220 என்று ஒரு சிறு ஸ்விட்ச் இருக்கும். அது தானாக மாறாது. மாட்டும் முன்பு கையால் மாற்றிவைக்க வேண்டும். ஊர் திரும்பும்போது மறக்காமல் திரும்பவும் 220க்குத் தள்ள வேண்டும்.

டிரான்ஸ்பார்மர், கன்வெர்ட்டர், ஸ்டெபிலைசர்

"வீட்டில் ஸ்டெபிலைசர் இருக்கிறதே, அதை எடுத்துப் போகட்டுமா?" என்று கேட்கும் வாடிக்கையாளர்கள் உண்டு. ஸ்டெபிலைசர் சில வோல்ட் ஏற்ற இறக்கத்தைச் சமாளிக்கும். 120ஐ 230 ஆக்குவது அதன் வேலை அல்ல. அதற்கு ஸ்டெப்-அப் டிரான்ஸ்பார்மர் வேண்டும்.

வெளிநாட்டுக் கடைகளில் 'டிராவல் கன்வெர்ட்டர்' என்று கையடக்கமாக, எடை குறைவாக, 1,600 வாட் என்றெல்லாம் அச்சிட்டு விற்கப்படும் சாமான்களில் பல, சூடாக்கும் சாதனங்களுக்கு மட்டுமே உரியவை. அவற்றில் மோட்டாரையோ எலக்ட்ரானிக் சாதனத்தையோ மாட்டக் கூடாது. மோட்டாருக்கு உண்மையான டிரான்ஸ்பார்மர் வேண்டும். அது கையில் தூக்கினால் கனக்கும்.

டிரான்ஸ்பார்மர் வாங்கும்போது சாதனத்தின் வாட் அளவைப் போல இரண்டு மடங்காவது இருக்கும்படி பார்க்க வேண்டும். மோட்டார் கிளம்பும் நொடியில் அதிக மின்சாரம் இழுக்கும் என்பதே காரணம். 750 வாட் மிக்சிக்கு 1,500 வாட் டிரான்ஸ்பார்மர் என்று வைத்துக்கொள்ளலாம். அமெரிக்க வீட்டின் சாதாரண 15 ஆம்பியர் இணைப்பில் மொத்தமே 1,800 வாட்தான் கிடைக்கும். அங்கே 3,000 வாட் டிரான்ஸ்பார்மர் வாங்கிவைத்தாலும் சுவர் அவ்வளவு கொடுக்காது.

இத்தனை செலவும் சுமையும் தேவையா என்று கேட்டால், பெரும்பாலும் தேவையில்லை. அமெரிக்காவுக்கென்றே 110 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் மாடல் மிக்சியும் டேபிள் டாப் கிரைண்டரும் நம் நாட்டுத் தயாரிப்பாளர்களே செய்கிறார்கள். புவிசார் குறியீடு பெற்ற கோயம்புத்தூர் வெட் கிரைண்டரின் ஊரிலிருந்தே இவை வருகின்றன. கேட்டு வரும் வாடிக்கையாளருக்கு ஆர்டர் எடுத்து வரவழைத்துக் கொடுப்பது இரு தரப்புக்கும் நல்லது. அந்த மாடலை இங்கே 'ஓட்டிப் பார்க்கிறேன்' என்று கடையிலோ வீட்டிலோ 230 வோல்ட்டில் மாட்டிவிடக் கூடாது. அதையும் சொல்லியே அனுப்ப வேண்டும்.

இஸ்திரிப் பெட்டி, ரைஸ் குக்கர், மின் கெட்டில் போன்றவற்றை அமெரிக்கா செல்பவர் கேட்டால், "இதை அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிடுவதே முறை. ஒரு விற்பனை போகும், வாடிக்கையாளர் போகமாட்டார்.

மூன்றாவது முனையை வெட்டாதீர்கள்

நம் பிளக்கில் மேலே இருக்கும் பருத்த முனை எர்த். சாதனத்துக்குள் கோளாறு ஏற்பட்டு உலோக உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் அதைப் பாதுகாப்பாகத் தரைக்குக் கொண்டுபோவது அதன் வேலை. மலிவான அடாப்டர்கள் பலவற்றில் மூன்று முனை உள்ளே போகும், இரண்டு முனைதான் வெளியே வரும். எர்த் இடையிலேயே அறுந்துபோகும். கிரைண்டர் தண்ணீரோடு வேலை செய்யும் சாதனம். ஈரக் கையோடு தொடுவது. அதை எர்த் இல்லாமல் ஓட்டுவது உயிரோடு விளையாடுவதாகும்.

லேபிளில் ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் போட்டிருந்தால் அது இரட்டைக் காப்பு உள்ள சாதனம். அதற்கு எர்த் தேவையில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் எர்த் உள்ள அடாப்டரே வேண்டும். அமெரிக்க சமையலறைகளில் டெஸ்ட், ரீசெட் என்ற இரண்டு பொத்தான் வைத்த பாதுகாப்புச் சாக்கெட் இருக்கும். நல்ல ஏற்பாடுதான், ஆனால் டிரான்ஸ்பார்மருக்கு அந்தப் பக்கம் நடக்கும் கசிவை அது கண்டுபிடித்துவிடும் என்று நம்பியிருக்கக் கூடாது.

வெளியிலிருந்து வாங்கும் வணிகர்களுக்கு

குவாங்சோவில் நடக்கும் கேண்டன் வர்த்தகக் கண்காட்சிக்குப் போய்வரும் வணிகர்கள் நம்மில் உண்டு. சீனாவின் சொந்த உபயோகத்துக்கான 220 வோல்ட் சாமான்கள் இங்கே ஓடும். விலை மலிவு என்று எடுக்கும் 'லாட்' சரக்கில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். அமெரிக்கச் சந்தைக்காகச் செய்து மீந்த 110 வோல்ட் சரக்காக அது இருக்கக் கூடும். ஆர்டரில் '230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்' என்று எழுத்தில் வாங்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம். எந்தெந்தச் சாமானுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் என்பதையும் முன்னதாகவே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

பழைய பாக்கிங் இயந்திரம், சீலிங் இயந்திரம், காபிக்கொட்டை அரைக்கும் இயந்திரம் போன்றவற்றை ஜப்பானிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ எடுப்பவர்கள் த்ரீ பேஸ் அளவையும் பார்க்க வேண்டும். இங்கே த்ரீ பேஸ் என்றால் 400 வோல்ட் அளவு. ஜப்பானில் அது 200 வோல்ட். அமெரிக்காவில் 208 அல்லது 480 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்பார்மர், மோட்டார் மாற்றும் செலவு எல்லாம் சேர்த்தால் மலிவாக வாங்கியது மலிவாக இருக்காது.

சட்டம் என்ன சொல்கிறது

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், 2020 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள 'பொருள் பொறுப்பு' என்ற பகுதியை உறுப்பினர்கள் அறிந்திருக்க வேண்டும். பொருளில் உள்ள ஆபத்து பற்றியோ சரியான உபயோகம் பற்றியோ தயாரிப்பாளர் தந்த எச்சரிக்கையை விற்பவர் வாங்குபவரிடம் சேர்க்காமல் விட்டு, அதனாலேயே தீங்கு நேர்ந்தால், விற்றவரும் பொறுப்பாவார். "கம்பெனிக்காரன் பொறுப்பு, எனக்கென்ன?" என்ற பேச்சு இனிச் செல்லாது. கையேட்டைப் பெட்டியிலிருந்து எடுத்து வீசிவிட்டுச் சாமானை மட்டும் பையில் போட்டுக் கொடுக்கும் பழக்கத்தையும் விட வேண்டும்.

கல்லாவில் கடைப்பிடிக்க வேண்டியவை

1. மிக்சி, கிரைண்டர், ஹீட்டர் எது விற்றாலும் "வெளிநாட்டுக்கா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கடைப் பையனுக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள்.

2. ஆம் என்றால் நாட்டைக் கேட்டு, மேலே உள்ள பட்டியலோடு லேபிளை ஒப்பிட்டுப் பாருங்கள். பட்டியலை வெட்டி கல்லாவுக்குப் பக்கத்தில் ஒட்டிவைக்கலாம்.

3. பில்லில் '230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்' அல்லது '110 வோல்ட், 60 ஹெர்ட்ஸ், இந்தியாவில் மாட்டக் கூடாது' என்று எழுதிக் கொடுங்கள். பெட்டியின் மேலும் அதையே ஒரு சீட்டில் எழுதி ஒட்டுங்கள்.

4. அடாப்டர் விற்கும்போது "இது வோல்ட்டை மாற்றாது" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். எர்த் இல்லாத அடாப்டரை மிக்சிக்கும் கிரைண்டருக்கும் கொடுக்காதீர்கள்.

5. வாரண்டி கார்டைப் பிரித்துப் பாருங்கள். இந்தியாவுக்குள் மட்டும் செல்லுபடியாகும் என்றிருந்தால் அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

6. வெளிநாட்டிலிருந்து வந்த சாமானை யாரேனும் "ஓடுகிறதா பாருங்கள்" என்று கொண்டுவந்தால், லேபிளைப் படிக்காமல் கடை சாக்கெட்டில் மாட்டாதீர்கள்.

இந்த ஆறுக்கும் சேர்த்து இரண்டு நிமிடம் ஆகாது. நெரிசலான நேரத்தில் அந்த இரண்டு நிமிடம் பெரிதாகத் தெரியலாம். எடையிலும் தரத்திலும் நாணயம் காக்கும் வணிகர், மின்சாதனத்தைப் பொறுத்தவரை இந்த ஒரு கேள்வியைக் கேட்பதும் அதே நாணயத்தில் சேர்ந்ததுதான். நம் கடையில் வாங்கிய மிக்சி நியூ ஜெர்ஸியில் ஒரு சமையலறையில் பல ஆண்டுகள் சட்னி அரைத்தால், விடுமுறைக்கு வரும்போது அந்தக் குடும்பம் முதலில் ஏறும் படி நம் கடைப் படியாகத்தான் இருக்கும்.